புளி போட்டுத் துலக்கிய பித்தளை

பித்தளை துலக்குவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. குத்துவிளக்கோ குடமோ, என் கையில் கொடுத்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் என் குடத்தைப் பார்த்துவிட்டு, என்ன போட்டுத் தேய்க்கிறாய் என்று கேட்டார்கள். புளியும் செங்கல் பொடியும் என்றேன். அவர்களும் அதைத்தான் போட்டார்கள். கை வேறு, அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தத் திமிர்தான் அறுபதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜைச் சமயத்தில், என் வீட்டுக்காரரையும் அண்ணனையும் தண்ணீருக்கு நடுவில் வைத்துக் கொளுத்தப் பார்த்தது.

எங்கள் வீட்டின் முன்பாதி பட்டறை. பின்பாதியில் அடுப்பும் பாயும். நடுவில் ஒரு சாக்குத் திரை. பட்டறையை என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் பட்டறை பெஞ்சில் படுத்துக்கொள்வான். என் வீட்டுக்காரர் டாக்ஸி மெக்கானிக். கண்ணைக் கட்டிவிட்டாலும் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டுவார். அண்ணன் அதற்கு முன் இரண்டு வருடம் துறைமுகத்தில் லாஞ்ச் எனும் மோட்டார் படகுகளில் வேலை பார்த்தவன். டாக்ஸி, ஸ்கூட்டர், தண்ணீர் பம்பு என்று எது வந்தாலும் இரண்டு பேரும் பிரித்துப் பூட்டுவார்கள். படகு இஞ்சின் மட்டும் அதுவரை எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

அது மழைக்காலத்தில் வந்தது. செம்பூரில் ஒரு சேட். செம்பூரைத் தாண்டி, கழிமுகத்தில் அவருக்கு இரண்டு மோட்டார் லாஞ்சுகள் இருந்தன. இரண்டும் ஒரே அச்சு, இரண்டிலும் ஒரே மாதிரி பெட்ரோல் இஞ்சின். கம்பெனி ஆபீஸர்களை வாடகைக்கு ஏற்றிப் போகும் லாஞ்சுகள் அவை. மழை முடியும்வரை கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். அவருடைய பழைய மெக்கானிக் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அண்ணன் பழைய பழக்கத்தில் போய்க் கேட்டு, ஓர் இஞ்சினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சேட் சொல்லி அனுப்பியது இதுதான்: ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை லாஞ்ச் தண்ணீரில் ஓட வேண்டும். நன்றாக ஓடினால் இரண்டாவது இஞ்சினும் உங்களுக்கு. வருடம் பூராவும் இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் சொன்னாராம். அன்றைக்கு வீட்டு ஆட்களையும் கூட்டி வாருங்கள், ஒரு சுற்றுப் போய் வரலாம்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட பூமிக்காரி. பம்பாய் வந்து எட்டு மாதம் ஆகியும் கடலை பஸ் ஜன்னலில்தான் பார்த்திருந்தேன், அதுவும் யாருடைய தோளுக்குப் பின்னாலிருந்தாவது. ஒரு படகில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கையை நீட்டினால் தண்ணீர் என்று சமைக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையை அன்றைக்கென்று எடுத்து வைத்தேன். குழாயடியில் எல்லாரிடமும் சொல்லி முடித்தேன். சிலரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டு மாதம் இஞ்சின் எங்களோடு குடித்தனம் நடத்தியது. அதன் ஒவ்வோர் உறுப்பும் மண்ணெண்ணெயில் குளித்து, துணியில் துடைக்கப்பட்டு, திரும்பத் தன் இடத்துக்குப் போவதைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே சமைத்தேன். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கார்பரேட்டர் காற்றிழுக்கிற வாயில் மாட்டுகிற பித்தளைக் கூடு. சிறிய செம்பு அளவு இருக்கும். உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒன்றுக்கொன்று மயிரிழை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கும். அதைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தேன். வானம் கோடு கோடாகத் தெரிந்தது.

“அதுக்குப் பேரு ஃபிளேம் அரெஸ்டர்ட்டி,” என்றான் அண்ணன். “தீயப் பிடிச்சு நிறுத்துத சாமான். அது இல்லாத போட்டுல ஏறவே கூடாது.”

“இவ்வளவு ஓட்டை இருக்கு. தீ இதுல எப்படி நிக்கும்?” என்று கேட்டேன்.

அண்ணன் வாயால் சொல்லாமல் உள்ளே வந்து என் கம்பிச் சல்லடையை எடுத்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்து, தீயின் மேல் சல்லடையைப் பிடித்தான். தீ கம்பிவரை வந்து அங்கேயே படர்ந்து நின்றது. சல்லடைக்கு மேலே ஒன்றும் இல்லை. கம்பி சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் தீ அந்தப் பக்கம் போக முடியாமல் செத்துப்போகிறது என்றான். பெட்ரோல் இஞ்சின் சில சமயம் தும்மும். தும்மும்போது கார்பரேட்டர் வழியாகத் தீ வெளியே வரும். ரோட்டில் ஓடுகிற வண்டியென்றால் காற்றோடு போய்விடும். படகில் அப்படியில்லை. கசிகிற பெட்ரோலின் ஆவி அடிப்பலகையில் இறங்கித் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதற்குப் போக வழி கிடையாது. அதன் மேல் ஒரு தும்மல் போதும். எனக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் என் சல்லடை கறுத்துப்போன ஆத்திரத்தில் அப்போது தலையை ஆட்டக்கூட இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மரச்சட்டத்தில் முடுக்கி, சூடு தணிக்கப் பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர் வைத்து, குழாய் மாட்டி, அண்ணன் ஹேண்டிலைச் சுற்றினான். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. எங்கள் சந்தே வாசலில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் என் பேச்சை அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கையை விட்டு விழுந்தது.

மறுநாள் பூஜை. பட்டறையில் உள்ள அத்தனை சாமானும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். அண்ணன் மாதுங்காவுக்குப் போய்ப் பூவும் பொரியும் வெற்றிலையும் வாங்கிவரக் கிளம்பினான். போகும்போது விளக்கோடு சேர்த்து அந்தப் பித்தளைக் கூட்டையும் கழற்றி என் முன்னால் வைத்தான். “சேட்டுக்குக் கண்ணு கூசணும். அப்பிடித் தேச்சு வையி,” என்றான். வேறு யாரும் சொல்லியிருந்தால் மேலோடு துடைத்து வைத்திருப்பேன். கண் கூச வேண்டும் என்று சொன்ன பிறகு விட முடியுமா?

புளியைக் கரைத்துச் செங்கல் பொடியைச் சலித்துக் கலந்தேன். வெளிப்பக்கம் தேய்த்தால் போதாது என்று தோன்றியது. உள்ளே தகடுகளுக்கு நடுவிலும் தேங்காய் நாரால் அழுத்தி அழுத்திப் பூசினேன். தங்கம் மாதிரி வந்துவிட்டது. அலசுவதற்குக் குழாயடிக்குப் போனபோது பண்டிகைக் கூட்டம். வரிசை சந்து முனைவரைக்கும் நின்றது. ஒரு குடம்தான் கிடைத்தது. அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அந்த ஒரு குடத்தில் விளக்கையும் அலசி, வீட்டையும் துடைத்து, மிச்சத்தில் கூட்டையும் ஒரு முக்கு முக்கி எடுத்து வெயிலில் வைத்தேன். அரைமணி நேரத்தில் வெயில் அதைச் சுட்டது. மேலே மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தபோது எனக்கே கண்ணெடுக்க மனம் வரவில்லை. அண்ணன் வந்ததும் அதைத் திரும்ப இஞ்சினில் மாட்டினான்.

பூஜையில் ஒரு சின்னத் தகராறு. வண்டியென்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். படகு இஞ்சினுக்குச் சக்கரம் ஏது? அண்ணன் சட்டத்தின் நான்கு மூலையிலும் வைக்கலாம் என்றான். என் வீட்டுக்காரர், நசுங்காத பழத்தை எதற்கு வைக்க வேண்டும் என்றார். கடைசியில் நானே நான்கு பழத்தையும் காலால் மிதித்து நசுக்கிவிட்டு, சூடம் காட்டுங்கள் என்றேன். அன்றைக்கு யாரும் சாமானைத் தொடக் கூடாது. பொரியைத் தின்றுகொண்டு இஞ்சினையே சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஹேண்டிலைச் சுற்றினான் அண்ணன். பிடிக்கவில்லை. பத்தாவது தடவை பிடித்தது. பிடித்து, இருமி, கறுப்புப் புகையாகக் கக்கிவிட்டு நின்றது. முந்தாநாள் பாடியது இன்றைக்கு ஏன் இருமுகிறது? என் வீட்டுக்காரர் கார்பரேட்டரைக் கழற்றினார். ஊதினார், மாட்டினார். பிளக்கை மாற்றினார். டைமிங்கைப் பார்த்தார். மறுபடியும் கார்பரேட்டர். மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. சாயங்காலம் கோபத்தில் பித்தளைக் கூட்டைப் பிடுங்கி எடுத்து ஹேண்டிலைச் சுற்றினார். இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு கணீரென்று ஓடியது.

“பாத்தியளா மச்சான், மூச்சு முட்டியிருக்கு,” என்றார் அண்ணனிடம். “இது பழசாயி அடைஞ்சிபோச்சு. கச்ரா.”

குப்பை என்று பழைய சாமான் டப்பாவில் அதைப் போட்டார். பளபளப்போடு அது உள்ளே விழுந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. அடைப்பு எப்படி வந்தது என்று நான் யோசிக்கவேயில்லை. பழசு என்றால் பழசு. அவருக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை லாரி வந்து இஞ்சினைக் கொண்டுபோனது. என் வீட்டுக்காரர் கூடவே போய் லாஞ்சில் இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார். அண்ணன் புது அரெஸ்டர் தேடித் துறைமுகத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினான். வெளிநாட்டுச் சாமான், லைசன்ஸ் வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று ஒவ்வொரு கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட வந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டே மறுநாளைக்கு என்ன கட்டிக்கொண்டு போவது, புளிச்சோறா தயிர்ச்சோறா என்று கேட்கக் காத்திருந்தேன். அவர்கள் பேச்சு வேறு மாதிரிப் போனது.

“புதுசு கிடைக்கிறவரைக்கும் இஞ்சினத் தொடக் கூடாது மாப்ளே,” என்றான் அண்ணன்.

“டாக்ஸியில ஃபில்டர் இல்லாம எத்தன வண்டி ஓடுது? எரிஞ்சா போச்சு?”

“டாக்ஸி எரிஞ்சா கதவத் தொறந்து இறங்கலாம். கடல்ல எங்க இறங்குவீரு?”

“ஒரே ஒரு நாளு மச்சான். நாளைக்கு ஓடிக் காட்டிருவோம். பொறவு புதுசு வந்ததும் போடுவோம்.”

“அப்ப சேட்டுட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம்.”

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். “என்னன்னு சொல்லுவிய? நல்லாக் குடுத்த சாமான் எங்க பட்டறையில கெட்டுப்போச்சுன்னா? ரெண்டாவது இஞ்சின் நம்ம வாசல எட்டிப் பாக்குமா?”

அது எங்கள் ஆட்களிடம் இருந்த பழக்கம். வேலை கொடுத்த பார்ட்டியிடம் போய், உங்கள் சாமான் எங்கள் கையில் கெட்டது என்று சொல்லவே மாட்டார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒட்டுப் போடுவார்கள், வேறெங்கிருந்தாவது கொண்டுவந்து மாட்டுவார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். சொல்லிவிட்டால் பட்டறையின் பெயர் போய்விடுமாம். அண்ணனும் அந்தப் பட்டறைக்காரன்தானே. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான்.

“சரி. நான் ஸ்டியரிங்கப் பிடிக்கேன். நீரு இஞ்சின்கிட்ட இரும்,” என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், “இவ வரவேண்டாம்,” என்றான்.

“ஆமா, இவ வரவேண்டாம்,” என்றார் என் வீட்டுக்காரரும்.

அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரை நொடியில் ஒத்துப்போனார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு மாதமாகக் குழாயடி பூராவும் சொல்லி வைத்திருந்தேன். புடவை மடிப்புக் கலையாமல் பெட்டிமேல் இருந்தது. அப்புறம்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. எதற்காக நான் வரக் கூடாது?

“நான் ஏறக் கூடாத போட்டுல நீங்க எதுக்கு ஏறுதிய?” என்று கேட்டேன்.

இரண்டு பேரும் எழுந்தார்கள். கை கழுவிவிட்டு, மிச்ச வேலை இருக்கிறது என்று செம்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். சாயங்காலம் வந்துவிடுவோம் என்றார்கள்.

பாத்திரத்தைத் துலக்க மனமில்லாமல் பட்டறையில் உட்கார்ந்தேன். பழைய சாமான் டப்பாவுக்குள் அந்தக் கூடு மினுங்கிக்கொண்டிருந்தது. உன்னால்தானே என்று திட்டிக்கொண்டே அதை எடுத்துக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தேன். வானம் இல்லை. ஒரு கோடு, அரைக் கோடு, மற்றதெல்லாம் இருட்டு. பூஜைக்கு முன்னால் இதே வாசலில் நின்று வானத்தைக் கோடு கோடாகப் பார்த்தவள் நான்தான். ஹேர்பின்னைக் கழற்றி ஓர் இடைவெளியில் விட்டுக் கிண்டினேன். சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். புளி.

பழசாகி அடைத்ததில்லை. நான் அடைத்தது. என் புளியும் என் செங்கல் பொடியும் என் ஒரு குடம் தண்ணீரும் சேர்ந்து, வெயிலில் சிமெண்டாக இறுகிப்போயிருந்தன. அவர் விஜயதசமியன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பட்டினியாகக் கார்பரேட்டரோடு மல்லுக்கட்டியதும் என்னால்தான்.

அப்போதும் என் புத்தி நேராகப் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதை நானே சரிசெய்து, சாயங்காலம் அவர்கள் முன்னால் வைத்து, பாருங்கள் உங்கள் கச்ராவை என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சலவைச் சோடாவைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து அதற்குள் கூட்டை இறக்கினேன். சிவப்பாகக் கலங்கி வந்தது. ஊற்றிவிட்டு மறுபடியும் கொதிக்கவைத்தேன். மிஞ்சி ஒட்டியிருந்ததை ஹேர்பின்னால் தோண்டினேன். கண்ணில் வைத்துப் பார்த்தால் வானம் ஒவ்வொரு கோடாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. நாளைக்குப் போகிறோம், புளிச்சோறுதான், முடிவு செய்துவிட்டேன்.

முழுவதும் தெளிந்த பிறகு கவனித்தேன். எல்லாக் கோடுகளும் மெல்லியதாக இருக்க, இரண்டு மட்டும் தடித்திருந்தன. ஹேர்பின்னை விட்டு நெம்பிய இடத்தில் தகடு வளைந்துவிட்டது. விரல் நகம் போகிற அளவு இடைவெளி. அது என்ன பெரிய ஓட்டை, நூறு கோட்டில் இரண்டு கோடு என்று சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. சல்லடை ஞாபகம் வந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து, இடுக்கியால் கூட்டைப் பிடித்து, அதன் வாய்க்குள் தீ போகிற மாதிரி மேலே கவிழ்த்தேன். சுற்றிலும் எங்கேயும் தீ வெளியே வரவில்லை. தகடுகள் அத்தனையையும் விழுங்கிக்கொண்டன. அந்த இரண்டு இடத்தில் மட்டும், நீலமாக ஒரு நாக்கு வெளியே வந்து ஆடியது.

ஸ்டவ்வை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இதைக் கொடுத்திருந்தால் அவர்கள் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன், கூட்டைக் கவிழ்த்தேன். நீல நாக்கு வந்தது. அண்ணன் கிட்டே வந்து குனிந்தான்.

“இந்த ஓட்டை என் ஹேர்பின்னு,” என்றேன். “அந்த அடைப்பு என் செங்கப்பொடி. பழசுமில்ல, கச்ராவுமில்ல. நாந்தான்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “அன்னைக்குக் கார்பரேட்டர எத்தன தடவ கழத்தினேன் தெரியுமா?”

“எட்டு தடவ. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் பார்வை திரும்பவும் அந்தத் தீக்குப் போய்விட்டது. “இத்தன சின்ன ஓட்டையிலயே இவ்வளவு வருதா?” என்றார், யாரிடமென்று இல்லாமல்.

“இது சின்ன ஓட்டை. நீங்க நாளைக்கு முழு வாயையும் தொறந்துவிட்டுட்டுல்லா போறதா இருந்திய.” ஸ்டவ்வை அணைத்தேன். “சேட்டுட்ட போய்ச் சொல்லுங்க. ரெண்டாவது இஞ்சின் வராட்டா போவுது. என் பேரச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல.”

அவர் சட்டையை மாட்டினார். “நான் சொல்ல மாட்டேன். கிளம்பு. நீயே வந்து சொல்லு,” என்றார்.

அரக்குப் புடவையைப் படகுக்கென்று வைத்திருந்தேன். சேட்டிடம் திட்டு வாங்கவே கட்டிக்கொண்டு போனேன். சயானில் பஸ் ஏறிச் செம்பூர் போகிறவரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கூடு என் மடியில் துணிப்பைக்குள் இருந்தது.

சேட் வீட்டு வராந்தாவில் நின்று எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். “சேட், இம்லி சே மைனே சாஃப் கியா. கராப் ஹோ கயா.” புளியால் நான்தான் துலக்கினேன், கெட்டுப்போய்விட்டது. அதற்கு மேல் ஹிந்தி வரவில்லை. மீதியை என் வீட்டுக்காரர் சொன்னார். சேட் கத்த ஆரம்பித்தார். விளக்கா இது, பாத்திரமா இது, இஞ்சின் சாமானைப் பெண்பிள்ளை கையில் யார் கொடுத்தது என்று கத்தினார். சத்தம் கேட்டு அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு பளபளப்பு, எத்தனை நேரம் தேய்த்தாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்த நிலைமையிலும் பெருமையாக இருந்தது. சேட் இப்போது அந்த அம்மாளையும் சேர்த்துத் திட்டினார்.

கத்தி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டார். இது இல்லாமல் இஞ்சின் ஓடியிருக்காதா? ஓடியிருக்கும் சேட் என்றார் இவர். எனக்குத் தெரியாமலே ஓட்டியிருக்கலாமே? ஓட்டியிருக்கலாம் என்றார். சேட் மனைவியிடமிருந்து கூட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, இரண்டாவது லாஞ்ச் கரையில் சும்மாதானே நிற்கிறது, அதில் இருப்பதைக் கழற்றி இதில் மாட்டு என்றார். அவ்வளவுதான் விஷயம். நான்கு மைல் தூரத்தில் அதே சாமான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஒரு வாய் இல்லை. நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார், அதை யாரும் துலக்கக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கழிமுகத்தில் கடலின் ஏற்றத் தண்ணீர் வந்ததும் லாஞ்சைத் தள்ளினார்கள். சகதியில் கால் புதைய நடந்து, அண்ணன் கையைப் பிடித்து ஏறினேன். ஏறியதும் படகு ஓர் ஆட்டம் ஆடியது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் இஞ்சின் பெட்டியைத் திறந்து கடைசியாக ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது லாஞ்சின் பித்தளைக் கூடு அங்கே உட்கார்ந்திருந்தது, பச்சையும் கறுப்புமாக அழுக்குப் பிடித்து. ஒரு கை தேய்த்துவிட விரல் துறுதுறுத்தது. கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹேண்டில் ஒரு சுற்று. இஞ்சின் பிடித்தது. கரை நகர ஆரம்பித்தது. நாங்கள்தான் நகர்கிறோம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. காற்று புடவையைப் பறித்தது. தண்ணீர் கறுப்பாகத்தான் இருந்தது, நாற்றமும் இருந்தது, அதெல்லாம் எனக்குப் பொருட்டேயில்லை. பக்கவாட்டில் கையை விட்டேன். தண்ணீர் என் விரல்களை இழுத்துக்கொண்டு ஓடியது. திறந்த வெளிக்கு வந்ததும் சேட், வேகம் காட்டு என்றார். அண்ணன் முறுக்கினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நான் கத்தியே விட்டேன். சேட் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது இஞ்சினை எப்போது எடுத்துப் போகிறீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது இஞ்சின் தும்மியது.

டப் என்று ஒரே சத்தம். பெட்டியின் மூடி ஒரு தடவை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் அதன் மேல்தான் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த சுற்றிலேயே இஞ்சின் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

“க்யா ஹுவா?” என்ன ஆயிற்று என்று கேட்டார் சேட்.

“குச் நஹி, சேட்,” என்றார் இவர். ஒன்றுமில்லை.

மூடியை மெல்லத் தூக்கினார். பெட்ரோல் வாடை குப்பென்று என் முகத்தில் அடித்தது. எங்கேயோ ஒரு குழாய் மூட்டில் கசிந்து, அடிப்பலகையில் நாங்கள் ஏறினதிலிருந்து தேங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே அந்த அழுக்குப் பித்தளை அசையாமல் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணனும் திரும்பிப் பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். சேட் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஆவி வெளியே போகட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்துவிட்டு, வேகத்தைக் குறைக்கச் சொல்லி அண்ணனுக்குச் சைகை காட்டினார். பிறகு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வெயிலில் அவர் கை சில்லென்று இருந்தது. கரை வந்து சேர்கிறவரை அவர் விடவில்லை. சேட் இருக்கிறாரே என்று நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.